நெடுங்கரை ஏரியும் அரசனின் கடைவாய்ப் பல்லும்

பொறுமை உள்ளவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். பொறுமை இல்லாதவர்கள் முன்னால் வாருங்கள். இது உங்கள் கட்சியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கதை.

மலைக்கும் கடலுக்கும் நடுவே, மூன்று ஊருக்கு ஓர் அரசன் என்று முடிசூடிக்கொண்டிருந்த காலம் அது. நெடுங்கரை நாட்டைச் சொல்லினியன் என்பவன் ஆண்டான். கெட்டவன் இல்லை. சண்டைக்குப் போகமாட்டான், யார் நிலத்தையும் பிடுங்கமாட்டான். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் உவமை. நல்ல உவமை ஒன்று காதில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறே வேண்டாம்.

பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஆண்டில் அவன் ஓர் ஆணை போட்டான். சபையில் வாய் திறப்பவர் யாராக இருந்தாலும் உவமையோடுதான் திறக்க வேண்டும். உவமையை நிறுத்துப் பார்க்க மூன்று புலவர்களை அமர்த்தினான். ஒருவர் சொல்லைப் பார்ப்பார், ஒருவர் பொருளைப் பார்ப்பார், ஒருவர் ஓசையைப் பார்ப்பார். மூன்று தலையும் அசைந்தால்தான் சேதி அரசனிடம் சேரும்.

அன்றிலிருந்து நாட்டில் மாடு தொலைத்தவன் மாட்டைத் தேடுவதை விட்டுவிட்டு உவமையைத் தேடினான்.

நெடுங்கரை ஏரியைக் காவல் காத்தவள் எயினி. நாள்தோறும் கரையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்ப்பது அவள் வேலை. கரைக்கு நேர் கீழே கரையடி என்று ஓர் ஊர். நாற்பது வீடு. அதில் மூன்றாவது வீடு அவளுடையது.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து நின்றது. கரையின் வெளிச்சரிவில் ஒரு வாரமாகச் சிறு கசிவு இருந்தது. கசிவு எல்லா ஏரியிலும் உண்டு. தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. கலங்கிய நீர் கசிந்தால் கரை உள்ளுக்குள் கரைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அன்று காலை எயினி கசிவைக் கையில் ஏந்திப் பார்த்தாள். செம்மண் நிறம்.

நண்டு போட்ட வளை அது. விரல் நுழையும் அளவு. வைக்கோலும் களிமண்ணும் திணித்தாள். நீர் அதை வெளியே தள்ளியது. மறுபடி திணித்தாள். மறுபடி தள்ளியது. ஏரியின் மிகை நீரை வெளியேற்றும் கலிங்கைத் திறந்து மட்டத்தைக் குறைத்தால்தான் உள்பக்கத்து வாயை அடைக்க முடியும். கலிங்குப் பலகையிலோ அரசனின் முத்திரை. அதை உடைத்தால் கை போகும்.

ஆகவே எயினி அரை நாள் நடந்து அரண்மனைக்குப் போனாள்.

வாயில்காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். "ஏம்மா, உவமை இருக்கா?"

"கரையிலே ஓட்டை இருக்கு."

"அது இருக்கட்டும். உவமை இருக்கா?"

எயினி நின்ற இடத்திலேயே யோசித்தாள். உள்ளே போய்ச் சொன்னாள்: "அரசே, தாயின் மார்பில் பால் கசிவதுபோல ஏரிக்கரையில் நீர் கசிகிறது."

மூன்று தலையும் ஒன்றாக அசைந்தன. அரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏரி நம் தாய்! அவளுக்குப் பால் சுரந்துவிட்டது! கரைக்கு ஒரு செம்பட்டுப் புடவை சாத்துங்கள். ஊருக்குப் பொங்கல் வையுங்கள்."

"அரசே, அது பால் இல்லை, சேறு..." என்று எயினி தொடங்குவதற்குள் முரசு அடித்துச் சபை கலைந்தது.

ஊருக்குத் திரும்பியதும் தம்பி வெள்ளன் ஓடிவந்தான். "என்ன அக்கா, ஆள் அனுப்பினாரா?"

"புடவை அனுப்பினார்."

"உனக்கா?"

"கரைக்கு."

"கரைக்குப் புடவை எதுக்கு?"

"என்னைக் கேட்காதே. பொங்கல் வருது, போய்த் தின்னு."

மறுநாள் வளை இரண்டு விரல் அகலம். எயினி மறுபடி நடந்தாள். இனிப்பாகச் சொன்னதுதான் தவறு, இந்த முறை கேட்டவுடன் நடுங்க வேண்டும் என்று வழியெல்லாம் தேடினாள். சபையில் சொன்னாள்: "அரசே, நாகம் புகுந்த வீடுபோல இருக்கிறது நம் கரை. எந்த நேரத்தில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது."

மூன்று தலையும் அசைந்தன. அரசன் காலைத் தூக்கி அரியணைமேல் வைத்துக்கொண்டான். "நாகமா! உடனே பாம்பாட்டிகளை அனுப்புங்கள்!"

"நாகம் இல்லை அரசே, நாகம் புகுந்த வீடு போல..."

"கேட்டேன், கேட்டேன். மூன்று பேராக அனுப்புங்கள்."

அவள் ஊர் சேரும் முன்பே அரண்மனை வண்டியில் பாம்பாட்டிகள் வந்து இறங்கிவிட்டார்கள். செம்பட்டுப் புடவையின்மேல் சம்மணம் போட்டு மகுடி ஊதினார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கரையை மிதித்து இன்னும் இளக்கியது. கடைசியில் ஒருவன் ஒரு தண்ணீர்ப் பாம்பைப் பிடித்து உயரத் தூக்கினான். கூட்டம் ஆரவாரம் செய்தது. "நாகம் பிடிபட்டது, ஆபத்து நீங்கியது!" என்று பறை அறைந்துவிட்டுப் போனார்கள்.

எயினி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"உன் உவமைக்குக் கை கால் முளைச்சு அதுபாட்டுக்கு நடந்து போயிடுது அக்கா" என்றான் வெள்ளன்.

மூன்றாம் நாள் வளைக்குள் கைமுட்டி நுழைந்தது. கரையின் மேல்மண் ஒரு சாண் உள்வாங்கியிருந்தது. எயினி வீடு வீடாகப் போய், "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போங்க" என்று கத்தினாள். அறுவடைக்கு எட்டு நாள் இருந்த நெல்லை விட்டு எவரும் அசையவில்லை. "அதான் பாம்பைப் பிடிச்சாச்சே எயினி, இன்னும் என்ன?" என்றார்கள். அவள் உவமை அரசனை மட்டுமா ஏமாற்றியது, ஊரையும் ஏமாற்றிவிட்டது.

இந்த முறை அவள் ஓடினாள். நேராகச் சொல்வது, கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் தள்ளட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

"ஏம்மா, இன்னைக்கு என்ன உவமை?" என்றான் காவலன்.

"இன்னைக்கு வசவுதான் இருக்கு."

"அதுலே உவமை இருந்தா சரி, போ."

உள்ளே போனவள் நின்றுவிட்டாள். அரசனின் இடது கன்னம் வீங்கியிருந்தது. எப்படி வீங்கியிருந்தது என்று உவமை சொல்ல மாட்டேன், வீங்கியிருந்தது, அவ்வளவுதான். சபை முழுவதும் கிராம்பு நெடி. புலவர்கள் மூவரும் அரசனின் வலிக்கு உவமை தேடிக்கொண்டிருந்தார்கள். "செந்தாமரை மொட்டு..." என்று ஒருவர் தொடங்க, அரசன் அவரை முறைத்தான்.

எயினி தான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். "அரசே, அந்தப் பல் எப்படித் தொடங்கியது?"

"உவமை! முதலில் உவமை!" என்றார்கள் புலவர்கள். அரசன் கையை உயர்த்தி அவர்களை அடக்கினான். பல்வலிக்காரனிடம் பல்லைப் பற்றிக் கேட்டால் அவன் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைப்பான்.

"கடைவாயில் கடுகளவு குழி. குளிர்ந்த நீர் பட்டால் கூசும்."

"அப்போது என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. வெளியே பார்க்கப் பல் நன்றாகத்தானே இருந்தது!"

"பிறகு?"

"உள்ளே சொத்தை ஓடிவிட்டது. சீழ் வைத்தது. கிராம்பு வைத்தேன்."

"நின்றதா?"

"நின்றிருந்தால் இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருப்பேனா, பெண்ணே?"

"அப்படியானால் கேளுங்கள், அரசே. உங்கள் வாய்க்கு அந்தப் பல் எப்படியோ, நெடுங்கரைக்கு அந்தக் கரை அப்படி. நண்டு போட்ட வளைதான் அந்தக் குழி. போன வாரம் தெளிந்த நீர் கசிந்தது, அது கூச்சம். இப்போது மண் கரைந்து வருகிறது, அது சீழ். வெளியே பார்க்கக் கரையும் நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் அனுப்பிய புடவை கிராம்பு. பாம்பாட்டியும் கிராம்பு. ஓர் இடத்தில் மட்டும் இந்த உவமை பொருந்தாது. பல்லைப் பிடுங்கிவிட்டு நீங்கள் வாழலாம். கரை போய்விட்டால் அதன் கீழே இருக்கும் நாற்பது வீடு வாழாது."

பொருள் பார்க்கும் புலவர் துள்ளி எழுந்தார். "அரசரின் திருவாயைச் சேற்றுக் கரைக்கு ஒப்பிடுவதா! உயர்ந்ததைத் தாழ்ந்ததோடு ஒப்பிடுவது குற்றம்!"

அரசன் அவரைப் பார்க்கவே இல்லை. அவன் நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. முகம் சுருங்கியது. "எத்தனை ஆள் வேண்டும்?" என்றான்.

"முந்நூறு பேர். களிமண், வைக்கோல். கலிங்கைத் திறக்க உங்கள் முத்திரை."

"இப்போதே அனுப்புகிறேன். நீயும் வண்டியில் ஏறு."

பொழுது சாய்வதற்குள் கலிங்கு திறந்தது. ஏரி இரண்டு முழம் இறங்கியது. உள்பக்கத்து வாயைக் கண்டுபிடித்து, களிமண்ணை மிதித்து மிதித்து அடைத்தார்கள். கரை நின்றது. நாற்பது வீடும் நின்றன. கலிங்கு வழியே பாய்ந்த நீர் மட்டும் கீழ்ப்புறத்துப் பத்து வயல்களை விளைந்த நெல்லோடு மூழ்கடித்தது. முதல் நாளே மெல்லத் திறந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும். அதனால் ஊர் குதித்துக் கொண்டாடியபோது எயினிக்குக் குதிக்கத் தோன்றவில்லை.

இதற்குப் பிறகு அரசன் திருந்தி ஆணையை விலக்கிக்கொண்டான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. மறுநாள் நாவிதர் வந்து பல்லைப் பிடுங்கினார். அதே நாளில் புலவர்கள் பல் உவமையை ஓலையில் எழுதி, இதுவே உவமைகளில் தலைசிறந்தது என்று அறிவித்தார்கள்.

அவ்வளவுதான். நெசவாளி வந்து, தன் தறி சொத்தைப் பல் போல ஆடுகிறது என்றான். இடையன் வந்து, தன் ஆட்டுப்பட்டி சொத்தைப் பல் போல ஓட்டையாகிவிட்டது என்றான். குயவன் வந்து, தன் சூளை சொத்தைப் பல் போல வெடித்துவிட்டது என்றான். அரசன் மூவரையும் கொட்டாவியோடு அனுப்பிவைத்தான்.

குயவனுக்குக் கோபம் தாங்கவில்லை. நேராக ஏரிக்கு வந்தான். எயினி கரைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எயினி, நீ சொன்னதைத்தானே நானும் சொன்னேன்? உனக்கு முந்நூறு ஆளு, எனக்குக் கொட்டாவியா?"

எயினி நிமிராமலே கேட்டாள். "அண்ணே, அரசருக்கு இப்போ பல் வலிக்குதா?"

"அதைத்தான் பிடுங்கிட்டாங்களே."

"அப்ப வேற எங்கே வலிக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாயைத் திற" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கூடை மண்ணைக் கரையில் கொட்டினாள்.

கேட்பவர் தாமே பட்டு அறிந்த ஒன்றிலிருந்து எடுக்காத உவமை, எவ்வளவு அழகாக இருந்தாலும், சொல்ல வந்த சேதியை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது.