மதகுக்காரர் வளர்த்த ஜூனிபர்

வைரக்கண்ணுவுக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய குரு வேதநாயகி அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கொடைக்கானல் மேல்மலையில் அந்த அம்மா ஒரு சின்ன மடம் நடத்தினார். உபதேசம் கேட்டு அங்கே போனவர் கையில் முதலில் வந்தது மண்வெட்டிதான்.

"பாறை ஓரமா ஒரு ஜூனிபர் செடி வச்சிருக்கேன், ஐயா. அதைப் பாத்துக்கங்க."

"உபதேசம், அம்மா?"

"முதல்ல செடி."

ஊசி ஊசியாய் இலை, கிட்டே போனாலே ஒரு வாசம். வைரக்கண்ணுவுக்குப் பிடித்துப்போயிற்று. மனிதர் முப்பத்தைந்து வருஷம் மன்னார்குடிப் பக்கம் மதகு திறந்து மூடியவர். பயிரென்றால் அவருக்குத் தண்ணீர்தான். சும்மா இருப்பாரா? செடியைச் சுற்றிப் பாத்தி கட்டினார், வரப்பு போட்டார், காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம் ஊற்றினார். ஜூனிபர் என்ன குறுவை நெல்லா!

"போதுமே, ஐயா" என்றார் அம்மா ஒரு தரம்.

தன் இடுப்பு வலியை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து ஒரு குடம் கூடுதலாகவே ஊற்றினார்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. உபதேசம் என்று ஒரு சொல் கிடைக்கவில்லை. செடியோ நுனியிலிருந்து பழுத்துக்கொண்டே வந்து, தொட்டால் கொட்டியது. ஒருநாள் காலையில் வைரக்கண்ணு பையைத் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"ஊருக்குப் போறேன், அம்மா. செடியையும் கொன்னுட்டேன். என்கிட்ட சரக்கு இல்லேன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. அதான் ஒரு வார்த்தை சொல்லல."

"செத்துப்போச்சா? பாத்தீங்களா?"

"பாக்க வேற வேணுமா? பாதிக்கு மேல பழுப்பாயிடுச்சே."

"மீதி பச்சையா இருக்கே. அதுக்கு யாரு சோறு போடுறா? வாங்க, தோண்டிப் பாப்போம்."

தோண்டினார்கள். சேற்று நாற்றம் குப்பென்று அடித்தது. வேரெல்லாம் கறுத்து, பிடித்தால் தோல் கையோடு வந்தது. வைரக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

"இருங்க. பாறைப் பக்கம் பாருங்க."

அங்கே ஒரே ஒரு வேர், சுண்டுவிரல் கனம். அவர் கட்டிய வரப்புக்கு அடியில் நுழைந்து வெளியே போயிருந்தது. மண்ணைக் கையாலேயே விலக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். ஒரு முழம். இரண்டு முழம். ஈரமே இல்லாத சரளை. மூன்றாவது முழத்தில் பாறை வந்தது. பாறையில் நூல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். வேர் மெலிந்து மெலிந்து அதற்குள் போயிருந்தது.

வைரக்கண்ணு குப்புறப் படுத்துவிட்டார். விரிசலின் வாயில் மயிர் மயிராய்ச் சின்ன வேர்கள், பால் வெள்ளையில்.

"அடேயப்பா..."

ஆயிரம் வேலி நிலத்துக்குத் தண்ணீர் அனுப்பியவர். ஒரு வேர் போகும் வழியை அவர் பார்த்ததே இல்லை.

"இந்தப் பக்கம் நான் ஒரு சொட்டு ஊத்துனதில்லையே, அம்மா!"

"ஆமா."

அம்மா வரப்பை வெட்டித் தள்ளினார். அழுகியதை நறுக்கிவிட்டுக் குழியில் சரளையை அள்ளி அள்ளிப் போட்டார். வைரக்கண்ணு எழுந்திருக்கவில்லை. வேரின் பக்கத்திலேயே கிடந்தார். படுத்தபடியே கேட்டார்.

"எனக்கு ஏன் அம்மா ஒரு சொல்கூடத் தரல?"

அம்மா கையை நிறுத்தவில்லை.

"உங்க வேர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன், ஐயா."