நம்பர் சரி, ஆள் குறையுது

வேதநாயகி மேடத்தை எதிர்த்துப் பேசும் துணிச்சல் அந்தக் கல்லூரியில் ஒருவருக்குத்தான் இருந்தது. தணிகைவேல். மேடத்திடமே படித்து, மேடத்திடமே ஆராய்ச்சி செய்து, இப்போது மேடத்தின் ஜியாலஜி துறையிலேயே விரிவுரையாளராக இருப்பவர். சந்தேகம் வந்தால் நேரே மேடத்தின் அறைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மேடம் எந்தக் கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அப்படியும் இவர் போவதை நிறுத்தவில்லை.

மாணவர்கள் சிலரை ஒரு செமஸ்டருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வாய்ப்பு அந்த வருடம் துறைக்குக் கிடைத்தது. யார் தகுதியானவர் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை மேடம் தணிகைவேலிடம் விட்டிருந்தார். நிரஞ்சனா, ஓவியா, ஸ்டெபின் ஆகிய மூவரும் கேட்டிருந்தார்கள். மூவருக்கும் கடைசி வருடம். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

"பொண்ணுங்க ரெண்டு பேரும் ஓகே மேடம். ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. ஸ்டெபின் மட்டும் வேண்டாம்."

மேடம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பாறைத் துண்டு ஒன்றிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

தெரியாமல் என்ன. துறை முழுக்கத் தெரியும். களப்பயணம் போனால் ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன்னால் வரிசையாக அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். கடைசி நம்பர் வந்ததும் பஸ் கிளம்பும். போன வருடம் மலைக்குப் போனபோது, ஸ்டெபின் தன் நம்பரைச் சொல்லிவிட்டு, குரலை மாற்றித் தன் நண்பன் பாரியின் நம்பரையும் சொல்லிவிட்டான். பாரி சிகரெட் பிடிக்க ஒதுங்கியிருந்தான், வந்துவிடுவான் என்று நினைப்பு. பாரி பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடந்தான். பஸ் அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் ஆள் இல்லை என்பதே தெரிந்தது. பிறகு தேடித் தூக்கி வந்தார்கள். பாரி பிழைத்துக்கொண்டான், இப்போது நன்றாகவே நடக்கிறான். ஸ்டெபினைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்குப் பின் எந்தக் களப்பயணத்துக்கும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

வராத நண்பனுக்காக வகுப்பில் பிராக்ஸி கொடுக்காத மாணவன் உண்டா? பின்னாளில் பேராசிரியர் ஆனவர்களும் கொடுத்தவர்கள்தான். அந்தப் பழக்கத்தை மலைக்கும் தூக்கிக்கொண்டு போனதுதான் அவன் செய்த தப்பு.

"ஏன்டா அப்படிப் பண்ணினேன்னு நேத்து கேட்டேன் மேடம். பழக்கத்துல வாயில வந்துடுச்சு சார்ங்கறான். பழக்கம்னா அங்க போயும் வரும்ல? தெரியாத ஊர்ல ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது? ஒருத்தனுக்குத் தகுதி இருக்கா இல்லையான்னு வேற எதை வெச்சுத்தான் பாக்குறது? நீங்களே சொல்லுங்க."

மேடம் பாறைத் துண்டை ஊதினார்.

"நாளைக்குக் கல்குவாரிக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போறல்ல? அவனையும் கூட்டிட்டுப் போ."

"மேடம்!"

"எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போறியோ, அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வா. அது போதும்."

"அது எனக்குத் தெரியாதா? நான் கேட்டது தகுதியைப் பத்தி."

"நானும் அதைப் பத்தித்தான் சொல்றேன்."

தணிகைவேல் நாற்காலியை இருந்த இடத்தில் வைக்காமலே எழுந்து போனார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான்.

மறுநாள் பஸ்ஸில் ஸ்டெபின் டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை, பேசவும் இல்லை. ஒரு வருடமாக அப்படித்தான். இறங்கியதும் ஹெல்மெட்களை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தான். வாங்கிக்கொண்டார்கள்.

குவாரி படிப்படியாக வெட்டப்பட்ட பெரிய பள்ளம். மத்தியானத்துக்கு மேல் வெடி வைப்பார்கள். முதல் சங்கு ஊதினால் உள்ளே இருப்பவர்கள் மேலே ஏறிவிட வேண்டும். இரண்டாவது சங்குக்குப் பின்னால் வெடி. குவாரி மேஸ்திரி காலையிலேயே இதை இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

முதல் சங்கு ஊதியது. எல்லோரும் மூச்சு வாங்க மேலே ஏறி, வாசலில் நின்ற பஸ்ஸுக்கு வந்தார்கள்.

"ம், நம்பர் சொல்லுங்க" என்றார் தணிகைவேல். சொல்லிவிட்டு, எந்த வழியாகத் திரும்பலாம் என்று டிரைவரிடம் பேசத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் நம்பர்கள் தடையில்லாமல் ஓடி முடிந்தன.

"சரி, ஏறுங்க."

ஸ்டெபின் படிக்குக் குறுக்கே நின்றான்.

"சார், இன்னொரு தடவை எண்ணலாம்."

"இப்பத்தானேப்பா எண்ணினோம்?"

"முகத்தைப் பார்த்து எண்ணலாம் சார்."

"யார் எண்ணச் சொல்றாங்க பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஸ்டெபினின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அவன் நகரவில்லை.

தணிகைவேலுக்கு எரிச்சலாக இருந்தது. "எல்லா நம்பரும் வந்துச்சுல்ல? நீயும்தானே கேட்ட?"

"நம்பர் சரியா இருக்கு சார். ஆள் குறையுது."

சிரிப்பு நின்றது. தணிகைவேல் திரும்பி, அன்றைக்கு முதல்தடவையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் நிரஞ்சனா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஓவியா சார்... ஒரு கல்லு நல்லா இருக்குடி, எடுத்துட்டுப் பின்னாடியே வந்துடறேன்னு சொன்னா. வந்துட்டிருப்பான்னு நெனச்சுத்தான் நான் அவ நம்பரையும்..."

தணிகைவேலுக்குக் கையும் காலும் ஓடவில்லை. அவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஸ்டெபின் ஓடிவிட்டான். பள்ளத்துக்குள் அல்ல, எதிர்ப்பக்கம் மேஸ்திரியின் கொட்டகைக்கு. "சங்கு ஊதாதீங்கண்ணே! உள்ள ஆள் இருக்கு! ஊதாதீங்க!" என்று அவன் போட்ட சத்தம் பள்ளம் முழுக்க எதிரொலித்தது.

மேஸ்திரி சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு விளிம்புக்கு ஓடினார். வெடிக்காரர்களுக்குச் சைகை காட்டி, அவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக் காட்டும்வரை கொடியை இறக்கவில்லை. பிறகுதான் கீழே ஆளை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஓவியா துப்பட்டாவில் எதையோ முடிந்துகொண்டு கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தாள்.

"சாரி சார், லேட்டாயிடுச்சு" என்றாள். பிறகு முகங்களைப் பார்த்தாள். "ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?"

நிரஞ்சனா பாய்ந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. பாதி வழியில் ஸ்டெபின் எழுந்து பின்னால் போய், நிரஞ்சனாவுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

"குடி" என்றான். அவள் அழுவதை நிறுத்தச் சொல்லவில்லை.

தணிகைவேல் துறைக்குள் நுழைந்தபோது மேடம் ஜன்னலருகே நின்றிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு மேடம்."

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார். தான் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்ததையும் மறைக்கவில்லை. நேற்று அவர் இழுத்துப் போட்ட நாற்காலி இன்னும் அதே இடத்தில் கிடந்தது. மேடம் அதைக் காட்டி, "உட்கார்" என்றார்.

அவர் உட்கார்ந்தார். மேடம் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"ஸ்டெபின் போகட்டும் மேடம். நான் நெனச்சது தப்பு."

"ம்."

"ஆனா நிரஞ்சனா பண்ணினதும் அதேதானே? அவனுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயம்னு வெச்சுக்க முடியுமா? முறைன்னு ஒன்னு இருக்கு. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. அவ பேரை எடுத்துடவா?"

மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சைக்கிள் ஸ்டாண்டுப் படியில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நிரஞ்சனா முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். ஓவியா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஸ்டெபின் கைகளைக் கோத்துக்கொண்டு சும்மா பக்கத்தில் இருந்தான்.

"போன வருஷம் மலைக்குப் போனோமே தணிகை, அன்னிக்கும் எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டேன். வந்தாச்சுன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

"பாரியைத்தான் தேடி எடுத்துட்டு வந்துட்டோமே மேடம்."

"பாரியை எடுத்துட்டு வந்துட்டோம். ஸ்டெபினை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம். ஒரு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் நீ அவனைக் கூட்டிட்டு வந்திருக்க."

தணிகைவேல் டீயைக் கீழே வைத்தார்.

மேடம் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"இப்ப சொல்லு. நிரஞ்சனா வந்தாச்சா, இல்ல அவளைக் குவாரியிலயே விட்டுட்டு வந்துட்டியா?"