குடிலில் ஒரு வள்ளம்

எங்கள் கடற்கரைக் கோயிலில் இன்னாசி சாமி பங்குக் குருவாக இருந்தபோது அவருக்கு ஒரு சீடர் வந்து சேர்ந்தார். சாமியைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். லியோன் சார் என்று பெயர். டவுன் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். படித்ததெல்லாம் போதும், இனி விசுவாசம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்திருந்தார். சாமி சிரித்துக்கொண்டே அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் குடிலை அவர் பொறுப்பில் விட்டார்.

எங்கள் ஊர்க் குடிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு பொம்மை கொண்டுவந்து வைப்பார்கள். பஞ்சில் பனி பெய்திருக்கும், அதன் நடுவே தென்னை மரம் நிற்கும். மாட்டுக்குப் பக்கத்தில் லாரி, லாரிக்குப் பக்கத்தில் போலீஸ்காரர், எல்லாருக்கும் பின்னால் ஒரு சிங்கம். சிங்கம் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நடுவில் பாலனைக் கிடத்துகிற தீவனத் தொட்டி மட்டும் திருநாள் வரைக்கும் காலியாகக் கிடக்கும்.

லியோன் சாருக்கு இதைப் பார்த்து உடம்பே கூசிவிட்டது. பாவம், வாழ்நாளெல்லாம் சரித்திரம் நடத்திய மனுசர். நேரே சாமியிடம் போனார்.

"சாமி, டிசம்பர் இருபத்தஞ்சுன்னு வேதத்துல எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல சார்."

"ராஜாக்கள் மூணு பேருன்னு?"

"எத்தனை பேருன்னு சொல்லல."

"தொழுவத்துல மாடும் கழுதையும்?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

தப்பாகத் தெரிந்தால் நீங்களே சரி பண்ணுங்கள் சார் என்று சொல்லிவிட்டுச் சாமி பூசைக்குப் போய்விட்டார்.

லியோன் சார் சரி பண்ணினார். பனியை அள்ளினார். லாரி, போலீஸ், சிங்கம், மாடு, கழுதை எல்லாம் கூடைக்குப் போயின. மரியாள், சூசையப்பர், மேய்ப்பர்கள், காலித் தொட்டி மட்டும் மிச்சம். சுத்தமாகத்தான் இருந்தது, ஆஸ்பத்திரி மாதிரி.

சாயங்காலம் செபஸ்தியம்மாள் வந்தாள். மீன் விற்று முடித்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு தினமும் குடில் முன்னால் வந்து உட்காருகிறவள். அன்றைக்கு உட்காரவில்லை. நின்றபடியே தேடினாள். தொட்டிக்குப் பக்கத்தில் தான் வைத்த மர வள்ளத்தைக் காணோம் என்றாள். உள்ளங்கை அளவுப் படகு அது.

லியோன் சார் கூடையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். அன்பாகவே சொன்னார்.

"பெத்லகேம் மலைமேல இருக்கிற ஊரும்மா. அங்க கடலே கிடையாது. வள்ளத்துக்கு அங்க இடமில்ல."

"அப்படியாய்யா. எனக்குத் தெரியாது."

வள்ளத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். எங்கள் ஊரில் சண்டை போடாமல் யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போனது லியோன் சாரை உறுத்தியது. சாமி சாயங்காலப் பூசை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னார்.

சாமி விவரம் சொன்னார். அந்த வள்ளம் அவள் புருசன் தொம்மை செதுக்கியது. அவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கரை சேரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி கொளுத்தும்போது அவளுக்குக் கொளுத்த ஒரு கல்லறை இல்லை. வருசத்தில் இந்தச் சில நாள்தான் அவள் இங்கே வந்து உட்கார்ந்து அவனோடு பேசுவாள்.

லியோன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தார். ஆனாலும் வாத்தியார் புத்தி விடவில்லை.

"தெரியாமப் போச்சே சாமி. ஆனா, நான் அவகிட்டச் சொன்னது பொய் இல்லையே?"

"இல்ல சார். மரியாள் நிறைமாசமா வந்து நின்னப்பவும் சத்திரத்துல இடமில்லன்னுதான் சொன்னாங்க. அதுவும் பொய் இல்ல."