கஞ்சிக்குப் போன குண்டரிசி

ஒரு சமையலறையில் ஒரு வாளி நிறைய ரேஷன் குண்டரிசி இருந்தது. பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பாவில் நீள நீளமான பிரியாணி அரிசி.

அந்த வீட்டு ஜெபக்கனி தினமும் உலை வைக்கும்போது வேதக்கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பாள். எல்லார் வீட்டுப் பிடியரிசியும் சேர்ந்துதான் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் கஞ்சியாகும். போன வருஷம் யாரோ குண்டரிசி கொண்டுவந்ததற்குச் சில பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஜெபக்கனி, வீட்டுக்கு வாளி, கோயிலுக்கு டப்பா என்று பிரித்துவிட்டாள்.

“ஆண்டவருக்கு நாங்க, வயித்துக்கு நீங்க,” என்றது பிரியாணி அரிசி. “ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிப்போம். அதுதான் எங்க அந்தஸ்து.”

“இந்த வீட்டுப் பிள்ளைங்களை வளர்த்ததே நாங்கதான்,” என்றது குண்டரிசி. “எங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக அம்மாவுக்கு ஏன் இத்தனை வெட்கம்?”

“உன் உடம்பைப் பாத்துட்டுமா கேக்கே?”



பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலுக்குள், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தைக்குப் பிரசங்கம். பின்பக்கத்தில் அண்டா கொதித்தது. சமையல்காரர் பொன்னையா அகப்பையில் அள்ளிப் பார்த்தார். தண்ணீர் தனியாக, சோறு தனியாக ஓடியது.

“எல்லாரும் பிரியாணி அரிசியா போட்டிருக்கீங்க? இங்க என்ன கல்யாணமா நடக்கு?” என்றார் அவர். “யார் வீட்டுலயாவது குண்டரிசி இருக்கா?”

“கொஞ்சம் சேர்ந்துதான் நில்லுங்களேன்!” என்று அண்டா உள்ளே கொதித்த அரிசியை அதட்டியது.

“எங்களுக்குப் பழக்கமில்லையே,” என்றது பிரியாணி அரிசி.

“நாங்க குண்டரிசியெல்லாம் வாங்குறதில்ல,” என்றாள் உதவிக்கு நின்ற ஒருத்தி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். உண்மையில் எல்லார் வீட்டிலும் குண்டரிசிதான் இருந்தது.

ஜெபக்கனி வீட்டு வாளியை நினைத்தாள். சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால், காலையிலிருந்து உபவாசம் இருக்கிற சனம் வெந்நீரைக் குடித்துவிட்டுப் போகும்.

“எங்க வீட்டுல இருக்கு அண்ணே,” என்றாள்.

ஓடிப்போய் வாளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தாள்.

“அம்மா, மூடலையா? எல்லாரும் பாக்காங்க,” என்றது குண்டரிசி.

“பாக்கட்டும்.”

அண்டாவுக்குள் விழுந்த குண்டரிசி வெந்தது, வெடித்தது, குழைந்தது.

“ஏய், கரையுறியே! இனி உன்னை அடையாளமே தெரியாதே!” என்று பிரியாணி அரிசி பதறியது.

“தெரியாமப் போகட்டும். நீ என்னைப் பிடிச்சுக்க. சேர்ந்தே போவோம்.”

தண்ணீர் மெல்ல மெல்லக் கஞ்சியானது.

ஆராதனை முடிந்து வந்த போதகர் ஐயர் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்டினார். “நல்லா இருக்கே! யார் வீட்டு அரிசிம்மா?”

அண்டாவில் முழுசாய் ஒரு குண்டரிசிகூட மிச்சமில்லை. சிரித்த பெண்கள் எல்லாம் வரிசையில்தான் நின்றார்கள். ஜெபக்கனி அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“எங்க வீட்டுது, ஐயா. ரேஷன் அரிசி. நாங்க தினமும் சாப்பிடுறது.”