சொக்கையன் புலியைக் கேட்டு வாங்கிய கதை

எந்த நாடு என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் இருந்த நாடு, அவ்வளவுதான். அதை ஆண்ட அரசனுக்குப் பட்டப்பெயர்கள் நிறைய. எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும் என்பதால் அரசன் என்றே வைத்துக்கொள்வோம். நல்லவன்தான். ஆனால் சிரிக்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. கோபம் வந்துவிட்டால் யார் தலை, எவர் தலை என்று பார்க்க மாட்டான். அவனுக்குச் சாப்பாடு இறங்க வேண்டும் என்பதற்காகவே அரண்மனையில் ஒரு விகடகவி இருந்தான். பெயர் சொக்கையன்.

அதே அரண்மனையில் மல்லப்பர் என்று ஒரு தளவாய். இருபது போர் கண்டவர். அவர் போர்க்கதை சொன்னால் அரசன் கொட்டாவி விடுவான். சொக்கையன் தலைப்பாகையைச் சரிசெய்தாலே போதும், அரசன் முகம் மலர்ந்துவிடும். இருபது போரில் வெட்டுப்பட்டதைவிட இதுதான் தளவாய்க்கு அதிகமாக வலித்தது.

மூன்று வருஷங்களுக்கு முன் ஏழூற்று மலைக் காட்டுக்கு வேட்டைக்குப் போன தளவாய், ஒரு பெண்புலியைக் கொன்றுவிட்டு, அதன் குட்டியைக் கூடையில் போட்டு அரசனுக்குக் கொண்டுவந்தார். அரசன் மகிழ்ந்துபோய் அதற்குப் ‘பகைநடுக்கி மார்த்தாண்டன்’ என்று பெயர் வைத்தான். பகைநடுக்கிக்கு அப்போதுதான் கண் திறந்திருந்தது. பசும்பால் குடிக்கவில்லை, ஆட்டுப்பாலும் குடிக்கவில்லை. மூன்றே நாளில் எலும்பும் தோலுமாகிவிட்டது.

அதே வாரம்தான் சொக்கையன் வீட்டு நாய் சாம்பி நான்கு குட்டி போட்டு, நான்கையும் அடைமழையில் பறிகொடுத்திருந்தாள். சாம்பல் நிற நாட்டு நாய். சொக்கையனின் மனைவி ஆசையாகக் கொண்டுவந்து வளர்த்தது. மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் சொக்கையனும் சாம்பியும் மட்டும்தான். பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் அவள் முனகிக்கொண்டே இருந்தாள். சொக்கையன் புலிக்குட்டியை மேல்துண்டில் சுற்றி எடுத்துவந்து அவள் பக்கத்தில் விட்டான். சாம்பி மோந்து பார்த்தாள். தும்மினாள். பிறகு நக்க ஆரம்பித்தாள்.

ஒரு வருஷம் குட்டி அந்த வீட்டு முற்றத்தில் வளர்ந்தது. நாயிடம் வளர்ந்ததால் நாயின் பழக்கமெல்லாம் அதற்கும் வந்துவிட்டது. படுக்கும் முன் மூன்று சுற்றுச் சுற்றும். சொக்கையன் வந்தால் வாசலுக்கு ஓடிவந்து வாலை ஆட்டும். அவளைவிட இரண்டு மடங்கு வளர்ந்த பிறகும், விளையாட்டு மிஞ்சினால் சாம்பி அதன் காதைக் கவ்வித் தரையோடு அழுத்துவாள். உடனே மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிவிடும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது. அரண்மனைப் பெண்கள்கூட ஏதோ வேலை இருப்பதுபோல அந்தத் தெரு வழியாகப் போய்வந்தார்கள்.

தளவாய்க்கு அதுவும் பொறுக்கவில்லை. “அரசே, தாங்கள் பெயர் சூட்டிய புலி ஒரு தெருநாயின் காலடியில் கிடக்கிறது. எதிரி நாட்டார் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்?” என்றார். மறுநாளே புலியைக் கல்மதில் சூழ்ந்த கூண்டுக்கு மாற்றிவிட்டார்கள். சாம்பி பதினோரு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் எழுந்து கஞ்சி குடித்தாள். மறந்துவிட்டாள் என்று சொக்கையன் நினைத்தான்.

இரண்டு வருஷம் போயிற்று. அரசனின் பிறந்தநாள் வந்தது. புலியும் எருமைக்கடாவும் மோதுவதைப் பார்க்க வேண்டும் என்று அரசனுக்கு ஓர் ஆசை. கூண்டுக்கு எதிரே கோதா கட்டினார்கள். ஊரே திரண்டது. கடா கொம்பை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தது. பகைநடுக்கி மார்த்தாண்டன் அதைப் பார்த்தான். காலையில்தான் ஒரு முழு ஆட்டைத் தின்றிருந்தான். மூன்று சுற்றுச் சுற்றினான். படுத்துக்கொண்டான். கடா கிட்டே வந்து மூச்சுவிட்டபோது மரியாதைக்காக வாலை இரண்டு தரம் ஆட்டினான்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அரசன் மட்டும் சிரிக்கவில்லை.

“என் பெயரைக் கெடுத்த மிருகம். இதைக் கொன்று தோலை உரியுங்கள்” என்றான்.

தளவாய் இதற்காகவே காத்திருந்தவர். “நல்ல யோசனை அரசே. அரியணைக்குக் கீழே கிடக்கும் தோல் தங்கள் பாட்டனார் காலத்தது. மயிரெல்லாம் உதிர்ந்து வழுக்கையாகிவிட்டது” என்றார்.

சொக்கையன் முன்னால் வந்து கைகூப்பினான். அவன் குரல் நடுங்கியதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

“அரசே, புலி கோழையல்ல. பசித்தால் கொல்லும், பசி தீர்ந்தால் படுக்கும். வயிறு நிறைந்த பிறகும் சண்டை போடுகிறவர்கள் நாம்தான். அதன் உயிரை எனக்குப் பிச்சையாகத் தர வேண்டும்.”

“கோழையல்ல என்றால் அடக்கமுள்ள புலியா?” என்றார் தளவாய். “அப்படியானால் யாருக்கு அடங்கும்? விகடகவி காட்டட்டும். ஏழு நாள் தவணை தருவோம். இந்தக் கோதாவில், எல்லோர் முன்னிலையிலும், புலி மண்டியிட்டு அடங்கும்படி ஓர் உயிரைக் கொண்டுவரட்டும். ஆனால் ஆயுதம் கூடாது. கயிறு கூடாது. இறைச்சியைக் காட்டி மயக்கக் கூடாது. மந்திரம், மருந்து கூடாது. மனிதர் எவரும் உள்ளே போகக் கூடாது. முடியாவிட்டால் புலியின் தோல் அரியணைக்கு. வீண் பேச்சுப் பேசிய சொக்கையன் தலை கழுமரத்துக்கு.”

அரசனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. “முடிந்தால் புலி உனக்கே, சொக்கையா. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்” என்றான்.

தளவாய் அன்றே கூண்டைச் சுற்றிக் காவல் போட்டுவிட்டார். புலிக்கு இறைச்சி போடும் உடையான் ஒருவனைத் தவிர வேறு யாரும் கிட்டே போக முடியாது. சொக்கையன் ஆறு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவன் யாரைக் கொண்டுபோகப் போகிறான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் முதல் நாளே தெரியும். ஆறு நாளும் அவன் யோசித்தது வேறு. சாம்பிக்கு வயதாகிவிட்டது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. புலிக்கு நினைவில்லாமல் போயிருந்தால் ஓர் அடிகூடத் தாங்க மாட்டாள்.

ஏழாம் நாள் காலை, கோதா வாசலில் உடையான் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சாமி, உள்ள விடாதீங்க. ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப அது குட்டி இல்ல. ஆட்டக் கழுத்தப் புடிச்சா ஒரே உலுக்கு, முடிஞ்சுபோவுது.”

“தெரியும் உடையா. விடலேன்னா அதுவும் சாகும், நானும் சாவேன்.”

“இவ கிட்ட கேட்டீங்களா?”

சொக்கையன் குனிந்து சாம்பியின் கழுத்துக்கயிற்றை அவிழ்த்தான். “போ தாயி” என்றான்.

சாம்பி உள்ளே போனாள். ஊரே வாய்விட்டுச் சிரித்தது. புலிக்கு எதிரே ஒரு கிழட்டு நாய். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எந்தப் புலிக்கு நினைவிருக்கும் என்று தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார். புலி எழுந்து நின்றது. சிரிப்பு அடங்கியது. சாம்பிக்குக் கண் சரியாகத் தெரியாது. தரையை மோந்துகொண்டே நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். தும்மினாள். பிறகு தலையைத் தூக்கி, ஊளையும் இல்லாமல் குரைப்பும் இல்லாமல் ஒரு சத்தம் போட்டாள். சொக்கையன் அதுவரை அவளிடம் கேட்டிராத சத்தம்.

புலி பாய்ந்து வந்தது. சொக்கையன் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்து பார்த்தபோது அது அவள் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. நக்கிய வேகத்தில் கிழவி தடுமாறி விழுந்தாள். கோபத்தோடு எழுந்தாள். எட்டி அதன் காதைக் கவ்விக் கீழே இழுத்தாள். எருமைக்கடா அளவு இருந்த புலி முன்கால் இரண்டையும் மடக்கி மண்டியிட்டது. பிறகு மல்லாந்து படுத்து, நான்கு காலையும் தூக்கி, வெள்ளை வயிற்றை ஊருக்கெல்லாம் காட்டியது.

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது.

“இது மோசடி அரசே” என்று தளவாய் எழுந்தார். “இந்த நாய் அதற்குப் பால் கொடுத்திருக்கிறது.”

“கொடுத்தது உண்மைதான் தளவாய் அவர்களே” என்றான் சொக்கையன். “ஆயுதம் கூடாது, கயிறு கூடாது, இறைச்சி கூடாது, மருந்து கூடாது, மனிதர் கூடாது என்று சொன்னீர்கள். பால் கூடாது என்று சொல்லவில்லை. அதுவும் மூன்று வருஷத்துப் பழைய பால். இவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அரசன் மறுபடி சிரித்தான். “தோற்றுவிட்டீர், மல்லப்பரே. சொக்கையா, புலி உன்னுடையது. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். இரண்டையும் இதே கூண்டில் ஒன்றாக வைத்துக்கொள். திருவிழாதோறும் எனக்கு இந்த வேடிக்கையைக் காட்டு. வேளாவேளைக்கு அரண்மனையிலிருந்து சாப்பாடு வரும்.”

சொக்கையன் கோதாவைப் பார்த்தான். சாம்பி புலியின் வயிற்றில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்குப் பிள்ளை கிடைத்துவிடும். கூண்டையும் பார்த்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பன்னிரண்டு அடி. இரண்டு வருஷமாகப் புலி நடந்து நடந்து கல்லில் தடம் விழுந்திருந்தது. தளவாய் உயிரோடு இருக்கிறார். அரசனுக்கு அடுத்த பிறந்தநாளும் வரும்.

“அரசே, என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று சொன்னீர்கள். புலியை ஏழூற்று மலைக் காட்டில் விட்டுவிட வேண்டும்.”

அரசன் வாக்குத் தவறாதவன். சரி என்றான்.

புலி வாடைக்கு மிரண்டு மாடுகள் வண்டியில் பூட்ட இடங்கொடுக்கவில்லை. கடைசியில் அரண்மனை யானை ஒன்று கூண்டுவண்டியை இழுத்தது. இரண்டு பகல் பயணம். சாம்பி கூண்டுக்குள்ளேயே புலியோடு உட்கார்ந்து வந்தாள். சொக்கையன் வண்டிக்குப் பின்னால் நடந்தான். வழியெல்லாம் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

காட்டோரத்தில் ஓர் ஓடை. உடையான் கூண்டைத் திறந்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டான். புலி வெளியே வரவில்லை. புது இடம், பயந்துவிட்டது. சாம்பிதான் முதலில் இறங்கினாள். மண்ணை மோந்தாள், திரும்பிப் பார்த்துக் குரைத்தாள். அவள் கூப்பிட்ட பிறகுதான் அது இறங்கியது. அவள்தான் அதைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பத்து அடி சேர்ந்து நடந்தார்கள். அப்போது மலைப்பக்கம் ஒரு மிளாமான் கத்தியது. புலியின் காது நிமிர்ந்தது. உடம்பு தாழ்ந்தது. அதற்குப் பிறகு அது நாய் வளர்த்த பிள்ளையாக இல்லை. ஒரே தாவலில் ஓடையைக் கடந்து போய்விட்டது.

திரும்பிப் பார்த்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பார்க்கவில்லை.

சாம்பி தடத்தை மோந்துகொண்டே தண்ணீர் வரை ஓடினாள். அங்கே வாடை அறுந்துவிட்டது. இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். பிறகு கரையில் உட்கார்ந்துகொண்டாள். சொக்கையன் போய் அவள் பக்கத்தில் குந்தினான்.

“அது நல்லாருக்கும்டி. அதோட எடத்துக்குத்தான் போயிருக்கு. கூண்டுல கெடந்து சாகணுமா, சொல்லு? வா, வீட்டுக்குப் போலாம்.”

அவள் அசையவில்லை. எந்தச் சபையிலும் வாயடைத்து நிற்காத சொக்கையன், அந்த நாய்க்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை கிடைக்காமல் பொழுது சாயும் வரை அங்கேயே இருந்தான். கடைசியில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வயதானவள்தான், ஆனால் நல்ல கனம். ஊர் வந்து சேர்ந்த அன்றிலிருந்து, இறைச்சி போடும் வேளைக்கு அவள் தானாகவே போய் அந்த வெறுங்கூண்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இந்தத் தடவை பன்னிரண்டாம் நாளும் கஞ்சி குடிக்கவில்லை. இருபதாம் நாள் காலையில் சொக்கையன் அவளை அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தான்.

அன்று மதியம் அரசன் சாப்பிட உட்கார்ந்தான். “எங்கே சொக்கையா, முகத்தையே காணோம். அந்த வீரநாய் எப்படி இருக்கிறது?”

சொக்கையன் கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. “அரசே, இந்த நாட்டில் என் பேச்சை நம்பாத ஒரே ஜீவன் அதுதான். உன் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று இருபது நாளாகச் சொன்னேன். நம்பவில்லை. நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இன்று காலை புறப்பட்டுப் போய்விட்டது.”

அரசன் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை, சோறு புரையேறும்வரை சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள், தளவாய்கூடச் சிரித்தார். பிறகு அரசன் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, கிட்டே வரும்படி சைகை செய்தான். சொக்கையன் போய்த் தலையைக் குனிந்தான்.