வஜ்ர லேகியத்துக்கு ஒரு சாட்சி

மருதங்கோட்டையை ஆண்ட கம்பீரராயருக்கும், அவர் சபையில் வாயால் பிழைத்துக்கொண்டிருந்த விகடகவி கூத்தபிரானுக்கும் ஒரே நோய். மூட்டுவாதம். ராயருக்கு விரல்களில், கூத்தபிரானுக்கு முழங்காலில். "முழுசாகப் போகாது. கஷாயமும் பத்தியமும் தவறாமல் இருந்தால் அடங்கிக் கிடக்கும்" என்று அரண்மனை வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தக் கஷாயம் இருக்கிறதே, அதைக் குடித்தவனுக்கு வேப்பங்காய் இனிக்கும்.

ராயர் முகத்தைச் சுளித்தபடி குடித்துவிடுவார். கூத்தபிரான் கஷாயத்தோடு நிற்கமாட்டார். லேகியம், சூரணம், பஸ்பம் என்று ஊருக்குள் எது வந்தாலும் முதல் ஆளாகக் கையை நீட்டுவார். சபையில் எவரையும் மடக்கும் மூளை, லேகியச் சாடியைக் கண்டால் மட்டும் கழன்றுகொள்ளும். வலி குறைந்தால் எந்தச் சாடிக்கு நன்றி சொல்வது என்று அவருக்கே தெரியாது. வலி கூடினால் இன்னொரு சாடி வாங்குவார்.

அப்படி வாங்கியதுதான் வஜ்ர லேகியம். விற்றவர் தன்னைத்தானே வஜ்ரகாயர் என்று அழைத்துக்கொண்டார். "பத்தியம் மட்டும் தவறக் கூடாது ஐயா. தவறினால் லேகியம் திருப்பி அடிக்கும்" என்று எச்சரித்தார். கூத்தபிரான் நடுங்கிப்போய்ப் பத்தியம் இருந்தார். இரண்டு மாதத்தில் முழங்கால் வலி விட்டது. அரண்மனைப் படிகளில் கன்றுக்குட்டி மாதிரி ஏறிப்போய் ராயர் முன் ஒரு முறை குந்தி எழுந்தும் காட்டினார்.

ராயருக்கு ஆசை வந்துவிட்டது. வஜ்ரகாயர் வரவழைக்கப்பட்டார்.

"என் லேகியமும் கஷாயமும் ஒத்துக்கொள்ளாது அரசே. கஷாயத்தை நிறுத்திவிடுங்கள்."

அரண்மனை வைத்தியர் பதறினார். "லேகியத்தில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்? அதையாவது சொல்லுங்கள்."

"குருநாதர் ரகசியம்!"

"கூத்தபிரானே சாட்சி, வேறென்ன வேண்டும்?" என்றார் ராயர். "நாளை முதல் கஷாயம் கிடையாது."

கூத்தபிரான் கஷாயத்தை ஒருநாளும் நிறுத்தியதில்லை. ஆனாலும் புகழ்ந்த வாயை எப்படி மூடுவது? வீட்டுக்கு வந்து மனைவி உலகம்மையிடம் சொன்னார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"எந்த லேகியம்? அந்த மஞ்சச் சாடியா?"

"ஆமா, அதுதான்."

"அட கடவுளே! அதைத் தின்ன மூணாம் நாளே வயித்தெரிச்சல்னு உருண்டீங்களே, மறந்துபோச்சா? நிறுத்துங்கன்னா கேக்கலை. அன்னைக்கே அதை எருக்குழியில கொட்டிட்டு, எள்ளையும் கருப்பட்டியையும் இடிச்சு நிரப்பி வச்சிட்டேன். இத்தனை நாளா நீங்க முழுங்குறது அதைத்தான்."

கூத்தபிரான் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரையே ஏமாற்றத் தெரிந்தவன், வீட்டுச் சாடியில் ஏமாந்திருக்கிறான். வெளியே தெரிந்தால் சபையில் தலைகாட்ட முடியாது. ஆனால் போன ஐப்பசியில் ராயர் சலித்துப்போய்க் கஷாயத்தை விட்டதும் நினைவுக்கு வந்தது. விரல்கள் மடங்கிப்போய்ச் சோற்றை உருட்ட முடியாமல் தவித்தார். கூத்தபிரான்தான் ஊட்டிவிட்டார். ஒரு வாய் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் கண்கலங்கியதைக் கூத்தபிரான் மறக்கவில்லை.

"சிரிக்கட்டும்" என்று எழுந்தார். ஆனால் உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது. கூத்தபிரான் சொன்னால் வேடிக்கை என்றுதான் ராயர் நினைப்பார்.

மறுநாள் காலை ராயர் முன்னால் வெள்ளித் தட்டில் வஜ்ர லேகியம் காத்திருந்தது. கஷாயக் கிண்ணம் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. கூத்தபிரான் மஞ்சள் சாடியோடு ஓடிவந்தார்.

"அரசே, கொஞ்சம் பொறுங்கள்! ஊருக்குள் போலி லேகியம் உலவுகிறதாம். சாட்சி சொன்னவன் நான். என் சாடியில் இருப்பது அசல்தானா என்று இவரே பார்த்துச் சொல்லட்டும்."

வஜ்ரகாயர் ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"அசல்! பனிமலை மூலிகையெல்லாம் நாக்கில் ஏறுகிறது!"

"போலியே இல்லையே?"

"என்ன பேச்சு ஐயா! என் குருநாதர் கைப்பட இடித்தது போலவே இருக்கிறது!"

"அப்படியா? அந்தக் குருநாதர் இப்போது என் வீட்டில் அம்மி கழுவிக்கொண்டிருக்கிறார்" என்ற கூத்தபிரான், எள் முதல் எருக்குழி வரை எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

சபை கொல்லென்று சிரித்தது. வஜ்ரகாயர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"உன் லேகியம் உனக்கே தெரியவில்லை. என் விரல்களை உன்னிடம் ஒப்படைக்க இருந்தேனே!" என்றார் ராயர். காவலர்கள் வஜ்ரகாயரை எல்லைவரை கொண்டுபோய் விட்டார்கள். ராயர் கஷாயக் கிண்ணத்தை இழுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"சரி, உன் முழங்கால் எப்படிச் சரியானது?"

"கஷாயத்தை நான் விடவே இல்லை அரசே. இதற்குமுன் பத்தியம்தான் இருந்ததில்லை. திருட்டுத்தனமாகப் புளிக்குழம்பு சாப்பிடுவேன். லேகியம் திருப்பி அடிக்குமே என்று பயந்து இந்த முறை ஒழுங்காக இருந்தேன். வேலை பார்த்தது அது, பேர் வாங்கியது சாடி."

"எல்லா லேகியமும் வீண் என்று நான் சொல்லமாட்டேன்" என்றார் வைத்தியர். "என்ன இருக்கிறது என்று தெரிந்து, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டால் பலன் உண்டா இல்லையா என்று பார்த்துக்கொள்ளலாம். கஷாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்."

ராயர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். கூத்தபிரான் ஆசையோடு தலையைக் குனிந்தார்.

"உனக்கில்லை. உலகம்மைக்கு!" என்றார் ராயர். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "இரண்டு மாதம் எள்ளும் கருப்பட்டியும் தின்றிருக்கிறாய். ஒருநாள்கூடவா உனக்குச் சந்தேகம் வரவில்லை?"

"எப்படி வரும் அரசே? பத்தியம் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் உப்பில்லை, புளியில்லை, காரமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் என் வாய்க்கு அவ்வளவு ருசியாக ஒன்று கிடைக்கிறது என்றால், அது மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிட்டேன்!"