ஓநாய்க்கு வைத்த கண்

ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு மிருகத் தலை வைத்துத் துணியில் படம் எழுதுகிறவள் கோமளவல்லி. எழுதியதைச் சந்தை நாளில் புளியமரத்தில் கட்டித் தொங்கவிடுவாள். அவளிடம் தொழில் படிக்க வந்த தவசிமுத்து அவளைவிடப் பத்து வயது மூத்தவன், கீழூரில் கொஞ்சம் வயல் உள்ளவன். ஆனாலும் அவளை "அம்மா" என்றுதான் கூப்பிடுவான்.

அந்த வாரம் ஜமீன்தாரின் முறை. மதகை அடைத்துக் கீழூர்ப் பயிரைக் காயப்போட்ட மகராசன் அவர். ஓநாய்த் தலை கிடைத்தது. கண்ணை மட்டும் மனிதக் கண்ணாகவே எழுதினாள் கோமளவல்லி. யாருக்கு எந்தத் தலை வைத்தாலும் அது அவள் வழக்கம்.

படத்தைச் சந்தைக்குச் சுமந்து போனவன் தவசிமுத்து. வழியில் விரித்துப் பார்த்தால், அந்தக் கண் அச்சு அசல் ஜமீன்தார். போன வருஷம் அவரைப் பன்றியாக எழுதிய பக்கத்து ஊர்க்காரனுக்கு இப்போது வலது கையில் கட்டைவிரல் இல்லை. தவசிமுத்து வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, மையைக் குழைத்து, ஓநாய்க் கண்ணாகவே மாற்றிவிட்டான். இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான், பாவம்.

அவனே படத்தைப் புளியமரத்தில் கட்டி முடித்தபின்தான் கோமளவல்லி வந்து சேர்ந்தாள். உச்சிவேளைக்கு ஜமீன்தாரே வந்தார். அப்போதுதான் தவசிமுத்து கவனித்தான், ஓநாயின் இடுப்பில் மதகுச் சாவி தொங்குகிறது. அதை அழிக்க மறந்திருந்தான். வலது கையை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டான்.

ஜமீன்தார் வெகுநேரம் பார்த்தார்.

"நான்தானே இது?"

"ஆமாம்," என்றாள் கோமளவல்லி.

"நல்லா இருக்கு. அவுத்துக் குடு, மதகு வாசல்ல மாட்டுறேன். பார்த்தா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

சிரித்துக்கொண்டே படத்தோடு போனார். தவசிமுத்து கையை வெளியே எடுத்து விரல்களைத் தடவிப் பார்த்தான். ஐந்தும் இருந்தன.

"தப்பிச்சோம்மா. கண்ணை மாத்தினது நான்தான். ஆளுக்குக் கோபமே வரலை பாருங்க. நீங்க ஏன் எப்பவும் மனுஷக் கண்ணே வைக்கிறீங்க?"

மரத்தில் படம் கட்டியிருந்த கயிற்றை அவள் அவிழ்த்துச் சுருட்டினாள்.

"அந்த ஒரு இடத்துலதாண்ணே அவனுக்குக் கூசும். கூசினா மதகைத் திறப்பான், இல்லே என் விரலை வெட்டுவான். ரெண்டுக்கும் துணிஞ்சுதான் எழுதினேன்."

"இப்ப?"

"இப்ப கூச இடமில்லை, நீங்க அழிச்சுட்டீங்க. நாளைக்கு உங்க வயலுக்குத் தண்ணி வேணும்னா, அந்த ஓநாய்கிட்டதான் போய்க் கேக்கணும்."